காலைக் காட்டினால்தான் பிளாஸ்டர்

மார்ச் 6, திங்கள்

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. இட்லி பாதி வேக்காட்டில் நின்றது. அப்படியே மூடி வைத்துவிட்டு, வேலை பார்க்கும் மருந்துக் கடைக்குப் போனேன்.

ஷட்டரைத் தூக்கும்போதே இசக்கி நின்றுகொண்டிருந்தாள். உப்பளத்து உலகம்மாளின் மகள். அம்மாவும் மகளும் ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவர்கள். பஞ்சும் கட்டுத்துணியும் கேட்டாள். கையில் பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது.

“அம்மைக்குக் குதிகால்ல ஆப்பரேசன் பண்ணிருக்குக்கா. கால் ஆணின்னு நெனச்சோம்லா, அது ஆணி இல்லையாம். கேன்சராம். தோல்ல வருமாமே.”

சீட்டை வாங்கிப் பார்த்தேன். மெலனோமா என்று எழுதியிருந்தது. டி.பார்ம் படிக்கும்போது பரீட்சையில் ஒரே ஒருமுறை எழுதிய சொல். வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் என்று மனதில் பதிந்திருந்தது.

கேட்டதைக் கொடுத்தேன். டேப் ஒரு சுருள் சேர்த்து வைத்தேன். அதிகம் பேசவில்லை. பின்னால் ஆள் நின்றது.

கால் ஆணிக்கு ஒட்டும் கார்ன் பிளாஸ்டரை எங்கள் கடையில் எத்தனையோ பேர் வாங்குகிறார்கள். அளத்து ஊரில் அது தலைவலி மாத்திரை மாதிரி. யார், எப்போது, எத்தனை தடவை வாங்கினார்கள் என்றெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்?

சாயங்காலம் கேஸ் வந்துவிட்டது.

மார்ச் 7, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. தோசை சுட்டேன். இறங்கவில்லை.

மார்ச் 8, புதன்

மகளிர் தினம் என்று கடை முதலாளி ஞானதுரை அண்ணாச்சி எனக்கு ஒரு பேனா கொடுத்தார். மாத்திரை கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. அந்தப் பேனாவில்தான் இதை எழுதுகிறேன், நன்றாக எழுதுகிறது.

பதினோரு மணிக்கு லோடுமேன் ஒருவர் வந்து கார்ன் பிளாஸ்டர் கேட்டார். கை அலமாரிக்குப் போய்விட்டது. அப்புறம் திரும்பி, “காலைக் காட்டுங்க” என்றேன்.

“எதுக்கு?”

“பாக்கணும்.”

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. செருப்பைக் கழற்றி, கல்லாப் பக்கத்து ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்தார். மஞ்சளாக, நடுவில் முளை மாதிரி, சுத்தமான கால் ஆணி. பிளாஸ்டரைக் கொடுத்தேன்.

அவர் போனபிறகு அண்ணாச்சி, “என்னம்மா ஜெசிந்தா, உடம்பு சரியில்லையா?” என்றார். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

மார்ச் 12, ஞாயிறு

பூசை முடிந்து பஸ் ஏறி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு ஆரஞ்சு, ஒரு ஹார்லிக்ஸ்.

உலகம்மாள் அக்கா தலையணையில் சாய்ந்து இருந்தார். இடது குதிகாலில் பெரிய கட்டு. அடிவயிற்றின் ஓரத்தில், தொடை சேருமிடத்தில் இன்னொரு கட்டு. நெறிக்கட்டிலும் பரவியிருந்ததாம்.

“வந்தியா பிள்ள. வருவன்னு தெரியும்” என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தோல் டாக்டர் மதிவதனி சுற்றி வந்தபோது நான் மருந்துக் கடைக்காரி என்று இசக்கி சொன்னாள். டாக்டர் நின்று பேசினார். “நம்ம நிறத்துக்காரங்களுக்கு இது வெயில் படற இடத்துல வர்றது குறைவு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில, அங்கதான் பெரும்பாலும் வருது. அங்க யாரும் பாக்க மாட்டாங்க. ஆரம்பத்துல வந்தா அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

“என்ன பாத்தா கண்டுபிடிக்கலாம் டாக்டர்?”

“புதுசா கறுப்பு வந்து அது பெருசாகுதா. ஓரம் கோணல்மாணலா, ஒரு பக்கம் கறுப்பு ஒரு பக்கம் பழுப்புன்னு கலந்து இருக்கா. ஒரு மாசமாகியும் ஆறாத புண் இருக்கா. நகத்துல கறுப்புக் கோடு வந்து அகலமாகுதா. ஒண்ணு இருந்தாலும் என்கிட்ட அனுப்புங்க. நீங்களா முடிவு பண்ண வேண்டாம். பாத்து அனுப்பினா போதும்.” அப்புறம் இசக்கியிடம், “இவங்களுக்கு இது ரெண்டு வருஷமா இருந்திருக்கே. யார்கிட்டயும் காட்டலையா?” என்றார்.

இசக்கி, “பிளாஸ்டர் போட்டுக்கிட்டேதான் இருந்தாவ” என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. வெகு நேரம் எடுத்தது.

மார்ச் 15, புதன்

அட்டையில் எழுதிக் கடை முகப்பில் ஒட்டினேன்: “கால் ஆணிப் பிளாஸ்டர் கேட்பவர்கள் காலைக் காட்டவும். காட்டினால்தான் பிளாஸ்டர்.”

அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “இது மருந்துக் கடையா, செருப்புக் கடையா?”

“செருப்புக் கடையிலகூட காலப் பாத்துத்தான் குடுக்கான் அண்ணாச்சி.”

உள்ளே போனார். தண்ணீர் லாரி வரவில்லை. நாளைக்குத் துணி துவைக்க முடியாது.

மார்ச் 22, புதன்

காலையில் வந்தால் அட்டையைக் காணோம். பழைய மாத்திரைப் பெட்டிகளோடு மூலையில் கிடந்தது. எடுத்து மறுபடி ஒட்டினேன்.

“ஆளுக எல்லாம் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போறாவ. அங்க கேள்வி கேக்காமக் குடுக்கான்” என்றார் அண்ணாச்சி.

“அங்க கேக்காதது தப்பு. இங்க கேக்காம இருந்ததும் தப்பு.”

“கடை என்னுது ஜெசிந்தா.”

“சுவத்துல தொங்குத சர்டிபிகேட் என்னுது அண்ணாச்சி. அட்டை வேண்டாம்னா அதையும் கழட்டிக்கிட்டுப் போறேன். பார்மசிஸ்ட் இல்லாமக் கடையத் தொறக்க முடியுமான்னு நீங்களே பாத்துக்கிடுங்க.”

பத்து வருஷத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை.  அவர் முகத்தைப் பார்க்காமல் டிராயரைத் திறந்து இருமல் மருந்து பாட்டில்களை எண்ண ஆரம்பித்தேன். அட்டை அங்கேயே இருக்கிறது.

மதியம் கப்பலில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். கப்பல் இப்போது ஓமனில் நிற்கிறதாம். எல்லாவற்றையும் சொன்னேன். “ஊர்ல எல்லாக் காலையும் நீதான் பாக்கணுமா? அப்படி என்ன உனக்கு?” என்று கேட்டார். டவர் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 27, திங்கள்

காலை எட்டரைக்கு உப்பளத்துக்குப் போனேன். அங்கே வேலையாட்கள் விடியும் முன்னே வேலைக்கு இறங்கி அந்நேரம் கஞ்சி குடிக்கக் கரையேறுவார்கள். தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது கஷ்டம் என்பதால் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுபோயிருந்தேன்.

பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கொட்டகை நிழலில் இருந்தார்கள். தலையில் துண்டு, மேலே ஆம்பளைச் சட்டை, காலில் கிழிந்த சாக்ஸ். சாக்ஸைக் கழற்றச் சொன்னதும் எல்லாரும் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

“எங்க காலப் பாத்து என்ன செய்யப் போற? வெட்டணும்பிய. உலகம்மா நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனா. வெட்டுன பெறவுதான் படுத்தா” என்றாள் வள்ளித்தாய். முப்பத்தைந்து வயது இருக்கும். கூட்டத்தில் அவள்தான் வாயாடி.

“வெட்டுனதால பரவல. பரவுனதுக்குப் பெறவு வெட்டியிருக்கு. முன்னாலயே பாத்திருந்தா இத்துனூண்டுதான் வெட்டியிருப்பாவ.”

“முன்னால யாரு பாத்திருக்கணும்? ஒன் கடையிலதான பிளாஸ்டர் வாங்குனா?”

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

அதற்குள் கங்காணி சூசை மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். “யாரக் கேட்டு உள்ள வந்திய? அளத்துல வேல பாத்தா கேன்சர் வரும்னு கெளப்பி விட்டுட்டு நீங்க போயிருவிய. முதலாளிக்கு யாரு பதில் சொல்ல?”

“அளத்தால வருதுன்னு நான் சொல்லல. ஏன் வருதுன்னு டாக்டருக்கே உறுதியாத் தெரியாது. பாக்கச் சொல்லுதேன், அவ்வளவுதான்.”

“கேட்டுக்கு வெளியில நின்னு சொல்லுங்க.”

கேட்டுக்கு வெளியே நின்று சொன்னேன். கேட்பதற்கு ஆள் இல்லை. உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னது. கடைக்கு வர அரை மணி நேரம் தாமதம்.

மார்ச் 28, செவ்வாய்

மறுபடி போனேன். கேட்டைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்துக் கால் கழுவினார். நான் பாட்டுக் குழுவில் அவர்களுக்குப் பக்கத்திலேயே நின்றேன். பாட்டில் மனம் நிற்கவில்லை. ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஏழாவது கால் கங்காணி சூசையுடையது. வலது கட்டைவிரல் நகத்தில் மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோடு. சாமியார் துண்டால் துடைத்து முத்தமிட்டார். நான் அடுத்த வரியை விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற டெய்சி டீச்சர் முழங்கையால் இடித்தார்.

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு

பூசை முடிந்து வாசலில் சூசையை நிறுத்தினேன். அவர் மனைவியும் இருந்தார்.

“அண்ணாச்சி, உங்க வலது கட்டைவிரல் நகத்துல ஒரு கோடு இருக்கு. டாக்டர்ட்டக் காட்டுங்க. பேரு எழுதித் தாரேன்.”

அவர் முகம் சிவந்தது. “உங்கள வெளியே விட்டதுக்குப் பழி வாங்குதியளாக்கும். அதுவும் திருநாளும் அதுவுமா.”

“பழி வாங்கணும்னா சொல்லாம இருப்பேன்” என்றேன்.

மனைவி சீட்டை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து ஆட்டுக்கறி வைத்தேன். தனியாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 19, புதன்

சூசை கடைக்கு வந்தார். கட்டைவிரலில் கட்டு. ரிப்போர்ட்டைக் கவுண்டரில் போட்டார். “படிச்சுப் பாருங்க. கேன்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எப்பவோ கல்லு விழுந்து ரத்தம் கட்டுனதாம். நாலு நா எனக்குச் சோறு எறங்கல. எம் பொஞ்சாதி அந்தோணியார் கோயிலுக்கு நேந்துக்கிட்டா.”

படித்தேன். அவர் சொன்னது சரிதான். “ரொம்ப நல்லது அண்ணாச்சி” என்றேன்.

“நல்லதா? ஒரு சாரி சொல்ல மாட்டியளா?”

“மாட்டேன். நாளைக்கே இன்னொரு கோடு பாத்தாலும் சொல்லுவேன்.”

முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கினார். படியிறங்கும்போது திரும்பாமலே சொன்னார்: “மே தினத்தன்னைக்கு கேட்டுல சங்கத்துக்காரங்க கொடி ஏத்துவாவ. அன்னைக்கு முதலாளி வர மாட்டாரு. அஞ்சு நிமிசம் பேசுங்க.”

சாயங்காலம் இசக்கி வலி மாத்திரை வாங்க வந்தாள். அவள் அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தார்களாம். நெஞ்சிலும் இருக்கிறதாம்.

ஏப்ரல் 30, ஞாயிறு

என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். நான்கு தாள் கிழித்தேன். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வந்து பேனா நிற்கிறது. துணி மடித்து வைத்தேன். ஜன்னல் துடைத்தேன்.

மே 1, திங்கள்

கொடி ஏற்றி முடித்து ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அறுபது எழுபது பேர் இருந்திருப்பார்கள். சங்கச் செயலாளர் மைக்கைக் கையில் கொடுத்தார்.

எழுதி வைத்ததைத்தான் முதலில் சொன்னேன். “தலையில துண்டு கட்டுதிய, முழுக்கை சட்ட போடுதிய. வெயிலுக்கு அது நல்லது, விடாதிய. காலுக்கு ரப்பர் கம்பூட்ஸ் கேட்டு வாங்குங்க. காலுல இருக்கத பிளேடு வச்சுச் சீவாதிய. மாசத்துக்கு ஒருக்க உள்ளங்காலை, உள்ளங்கைய, நகத்த ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கிடுங்க. புதுசாக் கறுப்பு வந்து வளந்தா, ஆறாத புண்ணு இருந்தா...”

யாரும் கேட்கவில்லை. மிட்டாய் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். பின் வரிசையிலிருந்து வள்ளித்தாய், “உலகம்மைக்கு இதச் சொன்னியா?” என்று கத்தினாள். சிரித்தார்கள்.

தாளை மடித்தேன்.

“சொல்லல” என்றேன். “ரெண்டு வருசத்துல பதினோரு தடவ உலகம்மா அக்கா எங்கிட்ட பிளாஸ்டர் வாங்குனா. பதினொண்ணும் எனக்கு நெனவிருக்கு. போன வருசம் சித்திரை மாசம் ஒருநா, செருப்பக் கழட்டிக் காலைத் தூக்கிக் காட்டுனா. ‘பிள்ள, கறுப்பா ஆயிட்டே வருதே, பாரேன்’னு கேட்டா. நான் பாத்தேன். கடையில கூட்டம். ‘அளத்துக் காலு கறுப்பாத்தான்க்கா இருக்கும்’னு சொன்னேன். சொல்லிட்டுப் பிளாஸ்டரக் குடுத்தேன். படிச்சவ நான். பாத்தும் பாக்கல. அவ கேட்டா, நான் தட்டி விட்டேன். உங்கள்ல ஒருத்தரயும் இனிமே அப்படி அனுப்ப மாட்டேன். திட்டணும்னா திட்டுங்க. ஆனா காலக் காட்டிட்டுத் திட்டுங்க.”

 மைக் கீச்சென்று இரைந்தது. கூட்டத்துக்கு இடது ஓரத்தில் இசக்கி நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கையிலிருந்த மிட்டாயைக் கீழே போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்துபோனாள்.

முதலில் வந்து கொட்டகைப் பலகையில் உட்கார்ந்தது வள்ளித்தாய். சாக்ஸை உருவினாள். பிறகு வரிசை நின்றது. பன்னிரண்டரை மணி வரை முப்பத்தெட்டு பேர். வெடிப்பு, ஆணி, உப்பு தின்ற பள்ளம், முள் குத்திய வடு. இரண்டு பேருக்குச் சீட்டு எழுதினேன். ஒன்று வள்ளித்தாய்க்கு. இடது பாதத்தின் நடுவில், மிளகைவிடச் சற்றுப் பெரியதாக ஒரு கறுப்பு. ஓரம் சரியில்லை.

“எனக்கு வலியே இல்லையே” என்றாள்.

“வலிக்கும் முன்னால போ” என்றேன்.

மே 3, புதன்

மதியம் கடையில் தனியாக இருந்தபோது இசக்கி வந்தாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

“அம்மைட்ட எல்லாத்தயும் சொன்னேன்.”

“என்ன சொன்னாவ?”

“‘எனக்கு மறந்தா போச்சு?’ன்னு கேட்டாவ. அவ்வளவுதான்.”

நான் வலி மாத்திரையை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன்.

“எங்கம்மை உங்கள மன்னிச்சிருவாவ. அவிய அப்படித்தான். நான் மன்னிக்கணும்னு இல்ல” என்றாள்.

“இல்ல.”

“அழுது காட்டாதிய.”

“அழல.”

வலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

மே 12, வெள்ளி

வள்ளித்தாய் ரிப்போர்ட் வந்தது. அதேதான். ஆனால் மேல் தோலோடு நின்றிருக்கிறது. டாக்டர் மதிவதனியே போனில் சொன்னார்: “முழுசா எடுத்தாச்சு. நெறிக்கட்டு சுத்தமா இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும், அவ்வளவுதான். நல்ல நேரத்துல அனுப்பினீங்க.”

போனை வைத்துவிட்டு உள் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு அவரே கவுண்டருக்குப் போய்விட்டார்.

மே 14, ஞாயிறு

உலகம்மாள் அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை. போனேன். இசக்கி கதவைத் திறந்துவிட்டுப் பின்பக்கம் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். சத்தமாகத் தேய்த்தாள்.

அக்கா எலும்பும் தோலுமாக இருந்தார். மூச்சு இழுத்தது. நான் பாயில் உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நீ வந்து எங்கிட்ட சொல்லுவன்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். கடைசியில மைக்குலயா சொன்ன?”

“தப்புத்தான்க்கா.”

“ஊரு பூராவும் கேட்டுச்சாமே.” சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். “வள்ளிக்குச் சரியாயிட்டாமே?”

“சரியாயிட்டு.”

“அவளுக்கு வாயி ஜாஸ்தி. இன்னும் முப்பது வருசம் எல்லாரயும் ஏசிக்கிட்டு இருக்கட்டும்.” தண்ணீர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். “எனக்கு அன்னைக்கு ஒம் மேல கோவம் வரல பிள்ள. நீ சொன்னது சரின்னுதான் நானும் வீட்டுக்கு வந்தேன். அதுதான் இப்ப கோவமா வருது. ரெண்டு பேரும் எங்காலத் துச்சமா நெனச்சிருக்கோம் பாத்தியா.”

 அவர் காலைப் பிடித்துவிட்டேன். கட்டு இல்லாத கால்.

மே 23, செவ்வாய்

உலகம்மாள் அக்கா இன்று காலை பத்தே காலுக்கு இறந்துபோனார். அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டு மாலை வாங்கிக்கொண்டு வந்தார்.

மே 25, வியாழன்

சூசை வந்தார். மே தினத்துக்கு நான் பேசியது முதலாளி காதுக்குப் போய்விட்டதாம். இனி என்னைக் கேட்டுக்குள் விட்டால் அவர் வேலை போய்விடுமாம். “எனக்கும் புள்ள குட்டி இருக்கு” என்றார். இருக்கிறதுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கேட்டுக்கு வெளியே ரோடு இருக்கிறது. ரோடு முதலாளியுடையது இல்லை.

மே 29, திங்கள்

ஏழே முக்காலுக்கே போய், கேட்டுக்கு எதிரே உடைமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டேன். கண்ணாடி, டார்ச், டாக்டர் பெயர் அச்சடித்த சீட்டுகள். சீட்டு அச்சடித்தது அண்ணாச்சி. நான் கேட்கவில்லை, கவுண்டரில் கட்டாக வைத்திருந்தார்.

எட்டரை ஆகியும் ஒருவரும் வெளியே வரவில்லை. கேட்டுக்கு உள்ளே ஒரு புது காவல்காரர் கம்போடு நின்றார். ஒன்பதுக்கு நாற்காலியை மடக்கிவிடலாம் என்று எழுந்தேன்.

அப்போது கேட் திறந்தது. முன்னால் வந்தது இசக்கி. அம்மா செத்து ஆறே நாளில் வேலைக்கு வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் வடக்குப் பாத்திப் பெண்கள் இருபது பேர், தலைத்துண்டோடு, கையில் கஞ்சித் தூக்கோடு. காவல்காரர், “எங்க போறிய எல்லாரும்?” என்று கேட்டார்.

“கஞ்சி குடிக்க. அது எங்க நேரம். உள்ளதான் குடிக்கணும்னு எங்கயும் எழுதிருக்கா?” என்றாள் இசக்கி. அவர் கம்பைத் தாழ்த்தினார்.

என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. “வரிசையா ஒக்காருங்க. சாக்ஸக் கழட்டுங்க. வெக்கப்பட்டா வீட்டுக்குப் போங்க” என்று அவர்களைத்தான் அதட்டினாள். தயங்கிய ஒருத்தியின் சாக்ஸை அவளே உருவினாள். ஒவ்வொருத்தியாக நாற்காலியில் உட்கார, நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். விரல் இடுக்கு, நகம், குதிகால். அவள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவரவருக்குக் காட்டினாள். ஒருவருக்குச் சீட்டு எழுதினேன். ஆறாத புண்.

எல்லாரும் முடிந்து எழுந்தார்கள். நாற்காலி காலியானது. இசக்கி கண்ணாடியை மண்ணில் சாய்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பிறகு இடது கால். உப்பு பூத்து வெளிறிய தோல், இரண்டு வெடிப்பு. வேறு ஒன்றும் இல்லை.

“ஒண்ணும் இல்ல” என்றேன்.

“நல்லாப் பாத்தியளா?”

மறுபடியும் பார்த்தேன்.